முகவாதம் வந்தவரைப் பலூன் ஊதச் சொல்லாதீர்கள்

காலையில் வாய் கொப்பளித்தால் ஒரு பக்கமாகத் தண்ணீர் ஒழுகுகிறது, கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருக்கிறது என்று பதறி வருபவர்களில் பலருக்கு இருப்பது பெல்ஸ் பால்சி, அதாவது முகநரம்பு வீங்கி முகத்தின் ஒரு பக்கம் அசையாமல் போகும் முகவாதம். நாங்கள் படித்த காலத்தில் செய்த அதே தவறுகளைப் புதிதாக வரும் பிசியோ பிள்ளைகளும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், நெற்றி சுருங்கி வாய் மட்டும் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது மூளையைத் தாக்கும் பக்கவாதமாக இருக்கலாம், 108-ஐ அழைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுங்கள்.

முழு பலத்தோடு செய்யச் சொல்வது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, முகவாதம் வந்து ஆறேழு மாதம் கழித்து என்னிடம் வந்தார். வாய் ஓரளவு நேராகிவிட்டது. ஆனால் டீ டம்ளரை உதட்டில் வைத்தாலே இடது கண் சுருங்கி மூடிக்கொள்கிறது, சிரித்தால் கழுத்தில் ஒரு தசை கயிறு போலப் புடைக்கிறது. என்ன பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டேன். தினமும் பலூன் ஊதச் சொன்னார்களாம், முடிந்தவரை இறுக்கிக் கண்ணை மூடச் சொன்னார்களாம். பாவம், ஒருநாள் விடாமல் செய்திருக்கிறார்.

முகநரம்பு காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குறுகிய குழாய் வழியாக வருகிறது. அங்கே வீங்கினால் நசுங்குகிறது. கடுமையாகப் பழுதான நரம்பு நாளைக்கு ஏறத்தாழ 1 மி.மீ. என்று மெதுவாகத்தான் திரும்ப வளரும், அப்போது வாய்க்குப் போக வேண்டிய இழை கண்ணுக்கும் போய்விடலாம். அப்படி வளர்வதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் முகம் முழுவதையும் ஒன்றாக இழுக்கும் பயிற்சியைக் கொடுத்தால், கண்ணும் வாயும் சேர்ந்து அசைவதையே பழக்கமாக்கிவிடுகிறோம்.

'எங்கள் பேஷண்ட் பலூன் ஊதித்தானே சரியானார்' என்பார்கள். பத்தில் ஏழு பேருக்குத் தானாகவே முழுசாகச் சரியாகும் நோய் இது, எதைச் செய்தாலும் அதற்கு நல்ல பெயர் கிடைக்கும். மாட்டிக்கொள்வது மீதி மூன்று பேர்.

சரி, என்னதான் செய்வது? அசைவே இல்லாத முதல் வாரங்களில் முகத்தை விட்டுவிடுங்கள், மெல்லத் தடவிக்கொடுத்தால் போதும். அசைவு வந்த பிறகு கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, கண் அகலமாகத் திறந்திருக்கும்போதே உதட்டு ஓரத்தை மட்டும் நூலளவு நகர்த்தச் சொல்லுங்கள். கண் துடித்தால் நிறுத்திவிட்டு இன்னும் சின்னதாக. அந்த அக்காவுக்கும் இதைத்தான் ஆரம்பித்தேன், கூடவே கட்டைவிரலைக் கன்னத்துக்குள் வைத்து இறுகிய தசையை மெதுவாக இழுத்துவிடக் கற்றுக்கொடுத்தேன். தொந்தரவு குறைந்தது, முழுசாகப் போகவில்லை. தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி உதவும் என்று நரம்பு மருத்துவரிடம் அனுப்பினேன்.

கண்ணை மறப்பது

வாய்தான் கோணலாகத் தெரிகிறது, ஆனால் ஆபத்து கண்ணுக்கு. மூடாத கண் காய்ந்து கருவிழியில் புண் வந்தால் பார்வையே போகலாம். பகலில் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து, வெளியே போனால் மூக்குக் கண்ணாடி, இரவில் கண் களிம்பு போட்டு இமையை முழுசாக மூடி டேப். டேப்புக்கு அடியில் இமை திறந்திருந்தால் அதுவே கருவிழியை உரசும், எப்படி ஒட்டுவதென்று நீங்களே ஒட்டிக் காட்டுங்கள். கண் சிவந்து வலித்தால் அன்றே கண் மருத்துவர்.

சூயிங் கம்

பயிற்சி என்று சூயிங் கம் மெல்லச் சொல்லாதீர்கள். மெல்லுவது மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்பின் வேலை. இங்கே பழுதான முகநரம்பு ஏழாவது.

கரண்ட்

முகத்தில் மெல்லிய கரண்ட் வைத்துத் தசையைத் தூண்டுவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நான் வைப்பதில்லை.

ஸ்டீராய்டு பயத்துக்குத் தலையாட்டுவது

'ஸ்டீராய்டெல்லாம் வேண்டாம், பயிற்சி மட்டும் கொடுங்க' என்று நேராக நம்மிடம் வருவார்கள். முகவாதம் ஆரம்பித்த 72 மணி நேரத்துக்குள் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கினால் முழுசாகக் குணமாகும் வாய்ப்பு கூடுகிறது. அதைவிட நம் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை, அதனால் முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள். சர்க்கரை இருந்தால் டாக்டர் கவனித்துக் கொடுப்பார். காதில் கொப்புளமும் கடும் வலியும் இருந்தால் அது சின்னம்மை வைரஸ், அதற்கு வைரஸ் மருந்தும் வேண்டும்.

வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடும் முகவாதம், மூன்று நான்கு மாதமாகியும் துளி அசைவில்லாத முகவாதம்

பயிற்சியை நிறுத்துங்கள். கட்டி ஏதும் நரம்பை அழுத்துகிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியது, நரம்பு மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ அனுப்பிவிடுங்கள்.