கொரோனால நின்னு போன பஸ்ஸ திரும்ப ஓட வைக்கிறது எப்படி

2020 மார்ச் கடைசில பஸ்ஸெல்லாம் நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? ஜூன்ல மண்டலம் மண்டலமா பிரிச்சு கொஞ்ச நாள் ஓட்டினாங்க, ஜூலைல மறுபடி நிறுத்தினாங்க, அப்புறம் செப்டம்பர் 1ம் தேதில இருந்து மாவட்டத்துக்குள்ள ஓடலாம்னு விட்டாங்க. பஸ் வந்துச்சு, ஆனா எல்லா நடையும் வரல. எங்க ஊர் டவுன் பஸ்ல விடிகாலை 5 மணி சிங்கிளும் (ஒரு வழி நடைய அப்படித்தான் சொல்வாங்க) ராத்திரி 9.20 சிங்கிளும் "தற்காலிகமா" நின்னதுதான், வருஷக்கணக்கா அந்த தற்காலிகம் முடியவே இல்ல. அந்த பஸ்ல யார் போவாங்கன்னா மார்க்கெட்டுக்கு பூ எடுக்கப் போற அக்காங்க, துப்புரவு வேலைக்குப் போறவங்க, ஆஸ்பத்திரில ட்யூட்டி மாறுறவங்க. ஊரடங்குல "அத்தியாவசியப் பணி"ன்னு யாருக்கு மட்டும் தனி பஸ் விட்டாங்களோ அதே ஆளுங்கதான். போக்குவரத்துக் கொள்கைய மாத்தணும்னு பெருசா பேசுறோம்ல, டிப்போல ஒட்டியிருக்கற டைம் ஷீட்தாங்க கொள்கை, அதுல ரெண்டு வரிய மாத்த என்ன பண்ணணும்னு பட்டு தெரிஞ்சுக்கிட்டத சொல்றேன்.

போன உடனே டிப்போல சொல்ற பதில் "கூட்டம் இல்ல சார், கலெக்‌ஷன் இல்ல". இதுக்கு ரெடியாகாம போகாதீங்க, நாங்க அப்படித்தான் போய் அசடு வழிஞ்சு வந்தோம். பஸ்ஸே இல்லாத நேரத்துக்கு பஸ்ல கூட்டம் எப்படி இருக்கும்? அதனால கூட்டத்த ஸ்டாப்புல எண்ணணும். ஒரு நோட்டு, ரெண்டு பேர், மூணு நாள் போதும். முகூர்த்த நாள், ஸ்கூல் லீவு எல்லாம் தவிர்த்துட்டு சாதாரண நாள் ரெண்டு, சந்தை நாள் ஒண்ணு எடுத்துக்கங்க. நாலரைல இருந்து ஏழு வரைக்கும், ராத்திரி எட்டுல இருந்து பத்து வரைக்கும் உக்காருங்க. எத்தன பேர் ஷேர் ஆட்டோல போனாங்க, எத்தன பேர் பைக்குல லிஃப்ட் கேட்டாங்க, எத்தன பேர் நடந்தே மெயின் ரோடு வரைக்கும் போனாங்க, ஆட்டோவுக்கு எவ்வளவு குடுத்தாங்க, எல்லாத்தையும் எழுதுங்க. ஆட்டோ காசுதான் முக்கியம், அந்த ஒரு கணக்க பாத்தா எந்த அதிகாரியும் கொஞ்சம் நிமிர்ந்து உக்காருவார்.

கலெக்‌ஷன் பேச்சு இப்ப செல்லாது, இத நல்லா புரிஞ்சு வச்சுக்கங்க. 2021 மே 8ல இருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு இல்ல (ரெண்டே நாள்ல ரெண்டாவது அலைக்கு முழு ஊரடங்கு வந்து பஸ்ஸே நின்னு போச்சு, அது நம்ம ராசி). கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட் கிழிச்சுக் குடுப்பார், அந்தக் காச அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு கட்டுது. அப்போ பையில விழுற சில்லறைய வச்சு ஒரு நடை தேவையா இல்லையான்னு சொல்ல முடியாது, அந்த டிக்கெட் எத்தனைன்னுதான் பாக்கணும். காலைல பூக்காரங்க பஸ்ல ஏறுறவங்க முக்காவாசி பொம்பளைங்க, அந்த நடைல காசு வரலன்னா அது நஷ்டம் இல்ல, கணக்கு வேற பக்கத்துல இருக்கு, அவ்ளோதான்.

அந்தக் கணக்க வாங்க ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005 சட்டம், பிரிவு 6(1)ல மனு, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி போக்குவரத்துக் கழகத்தோட பொதுத் தகவல் அலுவலருக்கு ரிஜிஸ்டர் போஸ்ட்ல போடுங்க. "ஏன் நிறுத்தினீங்க"ன்னு கேக்காதீங்க, ஏன் எதுக்குன்னு கேட்டா அது தகவல் இல்லன்னு தட்டி விட்டுருவாங்க. நகல் கேளுங்க: 2020 பிப்ரவரில அந்த ரூட்டுக்கு இருந்த நேர அட்டவணை நகல், இன்னைக்கு உள்ள அட்டவணை நகல், நடைய ரத்து பண்ண உத்தரவு நகல், போன மூணு மாசத்துல அந்த ரூட்ல குடுத்த கட்டணமில்லா டிக்கெட் எண்ணிக்கை. 30 நாள்ல பதில் வரணும், வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள 19(1)ல முதல் மேல்முறையீடு. எங்களுக்கு ரத்து உத்தரவே இல்லன்னு பதில் வந்துச்சு. எழுத்துல ரத்தே பண்ணல, சும்மா ஓட்டாம விட்டுருக்காங்க! அந்த ஒரு பேப்பர்தான் பின்னாடி எங்களுக்கு எல்லாத்தையும் விட உதவுச்சு.

அதுக்கப்புறம் மனு. ஒரே பக்கம், ரூட், நேரம், ஸ்டாப்புல எண்ணின கணக்கு, ஆர்டிஐ பதில் நகல். கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர் நாள்ல குடுத்து ரசீது நம்பர் வாங்குங்க, காப்பிய டிப்போ கிளை மேலாளருக்கும் குடுங்க. கிராமமா இருந்தா மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2ன்னு வர்ற கிராம சபைல தீர்மானமா போட்டுருங்க, தனி ஆள் மனுவ விட அதுக்கு வெயிட் ஜாஸ்தி. கையெழுத்து வாங்கும்போது அந்த நேரத்துல நெஜமா போறவங்ககிட்ட வாங்குங்க, தெருல இருக்கற எல்லாரும் போட்டா கேக்குறவங்களுக்கே தெரிஞ்சிரும்.

புது பஸ் கேக்காதீங்க, இது முக்கியம். வண்டி இல்ல, டிரைவர் இல்லன்னு முடிச்சுருவாங்க. பக்கத்து ஊர்ல நைட் ஹால்ட் ஆகுற, அதாவது ராத்திரி அங்கயே தங்கி காலைல கிளம்புற பஸ் இருக்கான்னு பாருங்க, அத நம்ம ஊர் வரைக்கும் நீட்டிச்சு இங்க நிக்க வைக்கச் சொன்னா ராத்திரி கடைசி நடையும் காலைல முதல் நடையும் தானா கிடைச்சிரும், கிலோமீட்டரும் பெருசா ஏறாது. ஆனா டிரைவர் கண்டக்டர் படுக்க ஃபேன் இருக்கற ரூமும் பாத்ரூமும் வேணும், அத ஊர்ல ஏற்பாடு பண்ணிட்டுப் போய் பேசுங்க. நாங்க சமுதாயக் கூடத்துல ஒரு ரூம் ஒதுக்கி வாங்கிட்டுப் போனோம், அதுக்கப்புறம்தான் பேச்சே மாறுச்சு. 2025 ஜூன்ல ஆரம்பிச்ச புது மினி பஸ் திட்டத்த காட்டி "அதுல கேளுங்க"ன்னு அனுப்புவாங்க. கேளுங்க, ஆனா அது தனியார் ஓட்டுறது, விடிகாலைல கட்டாயம் ஓட்டுவாங்களான்னு எழுத்துல வாங்காம தலையாட்டிராதீங்க.

பஸ் வந்துருச்சுன்னா முதல் மாசம் ரொம்ப உஷாரா இருக்கணும். காசு இல்லதானேன்னு டிக்கெட் வாங்காம இறங்கினா கணக்குல நீங்க ஏறவே இல்ல, அதனால பொம்பளைங்க எல்லாரும் டிக்கெட்ட கேட்டு வாங்கச் சொல்லி வாட்ஸ்அப் குரூப்புல தெனம் போட்டோம். பஸ் வராத நாள தேதியோட ஒருத்தர் குறிச்சு வைங்க. எங்களுக்கு காலை 5 மணி வந்துருச்சு. ராத்திரி 9.20 வாரத்துல நாலு நாள் வருது, மூணு நாள் வரல, அந்த மூணு நாள் தேதிய எழுதி வர்ற திங்கக்கிழமைக்கு அடுத்த மனு ரெடி.