மொட்டையாக நிற்கும் மரத்தை அவசரப்பட்டு வெட்டாதீர்கள்

கடும் வறட்சியில் இலை உதிர்ந்த மரத்தைப் பார்த்ததும் ‘பட்டுப்போய்விட்டது’ என்று முடிவுகட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. மனத்தை அதிகம் வருத்துவதும் அதுதான். தேக்கு போன்ற மரங்கள் இலையை உதிர்ப்பது தற்காப்புக்காக. இலை வழியே ஆவியாகும் நீரை மிச்சப்படுத்தி உயிரைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. கோடாரியை எடுக்கும் முன் ஒரு சிறு கிளையின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் கீழே, அடிமரத்தை நெருங்கிக் கீறுங்கள். நுனி கருகியும் அடி உயிரோடு இருப்பது சாதாரணம். மழை பெய்த பிறகு ஒரு பருவமாவது பொறுத்திருங்கள்.

பச்சையாக இருப்பதாலேயே மரம் நலமாக இருக்கிறது என்று நம்புவதும் தவறுதான். அமெரிக்காவின் தென்மேற்கில் பின்யான் பைனும் ஜூனிப்பரும் அருகருகே வளர்கின்றன. இரண்டுமே இலையுதிர்க்காத மரங்கள். மண் காயத் தொடங்கியதுமே பைன் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். நீர் மிஞ்சும்; ஆனால் கரியமில வாயு உள்ளே வராததால் உணவு தயாரிப்பது நின்றுபோகும். வறட்சி நீண்டால் பிசின் சுரந்து பட்டை வண்டுகளை விரட்டும் வலுவும் குறைந்துவிடும். ஜூனிப்பரோ துளைகளை ஓரளவு திறந்தே வைத்து, வறண்ட மண்ணிலிருந்தும் நீரை இழுக்கும். மரத்துக்குள் நீரை மேலேற்றும் அதன் நுண்ணிய நீர்க்குழாய்கள் அந்த இழுவிசையைத் தாங்கும். 2002–03 வறட்சியில் பைன்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. ஜூனிப்பர்கள் பெரும்பாலும் பிழைத்தன. வண்டு தாக்கிச் செத்த பைனின் ஊசியிலைகள்கூடப் பல வாரம் பச்சையாகவே நின்றிருக்கும். ஆகவே ‘வறட்சி தாங்கும் மரம்’ என்று யாராவது சொன்னால், எத்தனை காலம் தாங்கும் என்றும் கேளுங்கள்.

வெட்டினால் எல்லா மரமும் துளிர்க்கும் என்று எண்ணாதீர்கள். வேம்பும் யூக்கலிப்டஸும் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். பெரும்பாலான பைன்கள் துளிர்க்காது. புயலில் வளைந்து கொடுக்கும் தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. அது முறிந்தால் மரமே போயிற்று.

மரக்கன்றை அசையவிடாமல் கம்பில் இறுக்கிக் கட்டுவதும் கெடுதல்தான். காற்றில் ஆடினால்தான் தண்டு பருக்கும், வேர் ஊன்றும், தளர்வாகக் கட்டுங்கள்.

நீரைத் தண்டின் அடியில் மட்டும் ஊற்றினால் பயன் குறைவு. நீர் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், கிளைவிரிவையும் தாண்டிப் பரவியிருக்கும். அங்கே மண் ஆழமாக நனையும்படி விட்டு, சற்று உலர்ந்த பின் மீண்டும் பாய்ச்சுங்கள். எப்போதும் நீர் தேங்கினால் காற்றின்றி வேர் அழுகும்.

முதல் மழையோடு கவனிப்பை நிறுத்திவிடாதீர்கள். கடும் வறட்சியில் அடைபட்ட நீர்க்குழாய்களுக்குப் பதிலாக மரம் புதியவற்றை வளர்த்தாக வேண்டும். அதனால் வளர்ச்சி குன்றுவது மூன்று நான்கு ஆண்டுகள்கூட நீடிக்கலாம். அடுத்த கோடையிலும் அதே மரத்துக்கு நீர் தேவைப்படும்.