ஷெல்லில் கசியும் கோப்பு விவரிப்பிகள்: தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலியில் என் வீட்டு விறாந்தைக்கு மடிக்கணினியுடன் வரும் மாணவர்கள், இயங்குதளப் பாடத்துக்காகத் தாம் எழுதிய சிறு ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) சில மணி நேரத்தில் ‘திறந்த கோப்புகள் மிகுந்துவிட்டன’ என்று பிழை காட்டி நின்றுவிடுவதாகச் சொல்வார்கள். அதற்குள் பலர், ஒரு செயன்முறை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எத்தனை விவரிப்பிகளைத் திறந்துவைக்கலாம் என்ற யூலிமிட் எல்லையை உயர்த்தியும் இருப்பார்கள். பல லினக்ஸ் கணினிகளில் ஒரு செயன்முறைக்கு இயல்பாக விடப்படும் எல்லை 1024. அதை உயர்த்துவது கசிவை, அதாவது விவரிப்பிகள் (திறந்த கோப்புக்கோ பைப்புக்கோ கேர்னல் எனும் இயங்குதளக் கரு தரும் எண்கள்) மூடப்படாமல் சேர்ந்துபோவதை, தள்ளிப்போடுமேயன்றி அடைக்காது. நானோ அதை 20 ஆகக் குறைக்கச் சொல்வேன்: பைப் கட்டளை (ஒன்றின் வெளியீட்டை மற்றொன்றுக்கு உள்ளீடாக்குவது) ஒவ்வொன்றிலும் ஒரு விவரிப்பி கசியுமானால், உள்ளீடு, வெளியீடு, பிழை வெளியீடு ஆகியவற்றுக்கான 0, 1, 2 ஆகிய மூன்றும் போக, பதினேழாவது கட்டளையிலேயே பைப்புக்கு வேண்டிய இரண்டு விவரிப்பிகளுக்கு இடமில்லாமற்போகும்.

நான் அதிகமாகக் காணும் தவறு, கட்டளையை இயக்க ஷெல் உருவாக்கும் பிள்ளைச் செயன்முறையில் கசிவைத் தேடுவதாகும். பிள்ளை முடிந்ததும் அதன் விவரிப்பிகளைக் கேர்னல் தானே மூடிவிடும்; நாள் முழுதும் ஓடுவது தாய்ச் செயன்முறையான ஷெல். ஃபோர்க் செய்த (பிள்ளைகளை உருவாக்கிய) பின் தாய் பைப்பின் இரு முனைகளையும் மூட வேண்டும். எழுதும் முனையை மூட மறந்தால், வாசிக்கும் கட்டளைக்குக் கோப்பு முடிவு கிட்டாது. முதற் தடவையே எல்லாம் உறைந்து நிற்பதால் அந்தத் தவறு உடனே பிடிபட்டுவிடும். வாசிக்கும் முனையை மறப்பதுதான் கள்ளத்தனமானது, ஏனெனில் பெரும்பாலான கட்டளைகள் சரியாகவே ஓடும். அதைப் பிடிக்க, முடிவின்றி வரிகளை எழுதும் யெஸ்ஸை முதல் சில வரிகளை மட்டும் வாசிக்கும் ஹெட்டுடன் இணைக்கும் ‘யெஸ் | ஹெட்’ போதும்: ஹெட் பத்து வரிகளுடன் முடிந்த பின்னும் தாயிடம் வாசிக்கும் முனை திறந்திருப்பதால் யெஸ்ஸுக்கு, வாசிக்க எவரும் இல்லையென்று அதை நிறுத்தும் சிக்பைப் சமிக்ஞை வராது, பைப்பின் 65,536 பைட்டுகள் நிரம்பியதும் அது அப்படியே நின்றுவிடும்.

எல்லாவற்றிலும் குளோஸ்-ஒன்-எக்செக் கொடியை இட்டால் தீர்ந்தது என்பதும் பிழையான எண்ணமே. விவரிப்பியைத் தானாக மூடவைக்கும் அந்தக் கொடி, எக்செக் (செயன்முறை தன் நிரலை வேறொரு நிரலாக மாற்றிக்கொள்வது) நடக்கும்போதுதான் வேலை செய்யும். தாயோ எக்செக் செய்வதேயில்லை. உள்ளமைக் கட்டளையின் (பிள்ளையின்றி ஷெல்லே இயக்குவது) வெளியீட்டைத் திசைதிருப்பும்போது தாய் டூப் செய்து வைத்துக்கொள்ளும் விவரிப்பிப் பிரதியும், ஃபோர்க் தோற்றுத் திரும்பும் பாதையும் இதே காரணத்தால் கவனிக்கப்பட வேண்டியவை.

அளப்பதிலும் வழுக்கல் உண்டு. தன்னைத் திறந்து பார்க்கும் செயன்முறையின் விவரிப்பிகளையே காட்டும் /ப்ரொக்/செல்ஃப்/எஃப்டி கோப்பகத்தை, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை கொண்டு பார்ப்பவர், ஷெல்லை அன்றி எல்எஸ்ஸையே பார்க்கிறார். வேறொரு டேர்மினலிலிருந்து ஷெல்லின் செயன்முறை எண்ணைக் கொடுத்து, கட்டளைக்கு முன்னும் பின்னும் எண்ணி ஒப்பிடுவதே சரி. அவ்வாறு, லினக்ஸில் பரவலாகப் பயன்படும் பாஷ் ஷெல்லைப் பார்த்த மாணவி ஒருவர், 255 என்றொரு விவரிப்பி அங்கே திறந்திருப்பதைக் கண்டு, பாஷிலும் கசிவு உண்டு என்று மகிழ்ந்துபோனார். அது பாஷ் தன் டேர்மினலுக்கென்று வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருப்பது.