அயர்லாந்தின் கில்லார்னி ஏரியில் படகுச் சுற்று: பெங்களூரிலிருந்து போகிறவர்களுக்கு

முதலில் விசா. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கனில் அயர்லாந்து சேராத நாடு. பாஸ்போர்ட்டில் பிரான்ஸ் விசா இருந்தாலும் டப்ளினில் செல்லாது, ஐரிஷ் விசா தனியாக எடுக்க வேண்டும்.

டப்ளின் ஹூஸ்டன் நிலையத்திலிருந்து கில்லார்னிக்கு ரயிலில் மூன்றேகால் மணி நேரம் போல ஆகும். பல ரயில்களில் மாலோவில் வண்டி மாற வேண்டும். ஊரிலிருந்து ராஸ் கோட்டைப் படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம்.

படகில் இரண்டு வகை. கண்ணாடி மூடிய பெரிய படகு லாக் லேன் ஏரியைச் சுமார் ஒரு மணி நேரம் சுற்றும். வழிகாட்டி விளக்கிக்கொண்டே வருவார். 7ஆம் நூற்றாண்டு மடம் இருந்த இன்னிஸ்ஃபாலன் தீவைப் பார்க்கலாம், இறங்க முடியாது. அப்பா அம்மாவைக் கூட்டிப்போனால் இதுவே சரி. திறந்த படகு ‘மேல் ஏரி’யில் (Upper Lake) கிளம்பி, லாக் லேன் உட்பட கில்லார்னியின் மூன்று ஏரிகளையும் கடக்கும். அழகு அதில்தான், ஆனால் சாரலில் நனையாமல் வர முடியாது.

பெங்களூரு டிசம்பர் ஸ்வெட்டரை நம்பாதீர்கள். ஈரக்காற்று கம்பளிக்குள் புகுந்துவிடும். மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட் வேண்டும், குடை காற்றில் மடங்கிவிடும். கண்ணாடி வழியே படம் எடுக்கும்போது லென்ஸை அதில் ஒட்டிவையுங்கள். தள்ளிப் பிடித்தால் உங்கள் முகம்தான் விழும்.

காற்று பலமானால் படகு ஓடாது. அதனால் ஊர் திரும்பும் நாளுக்குப் படகு டிக்கெட் போடாதீர்கள்.