லயத்துப் பெண்களுக்குக் கௌபாய் படம் போட்டுக் காட்டுவது எப்படி

மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு பெண்களுக்குப் படம் போடுகிறேன். குதிரையும் துப்பாக்கியும் வந்தாலே "அது ஆம்பிளைங்க பாக்குற படம்" என்று எழுந்து போன அக்காமாரை உட்கார வைத்தது, ஐரோப்பாக்காரர்கள் எடுத்த கௌபாய் படங்கள்தான். உங்கள் தோட்டத்திலும் போடலாம்.

தெரிவு செய்யும்போது, போஸ்டரில் பெண் துப்பாக்கியோடு நிற்கிறாளா என்று பார்க்காதீர்கள். அவளை விட்டுவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் அந்தப் படம் வேண்டாம்.

முதல் படமாக செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்' (1968) போடுங்கள். கிளாடியா கார்டினாலே நடித்த ஜில், ரயிலால் இறங்கி நிற்கிறாள், கூட்டிப்போக ஆளில்லை. வீட்டுக்குப் போனால் புருஷனும் பிள்ளைகளும் கொலையுண்டு கிடக்கிறார்கள். அவள் திரும்பிப் போகவில்லை. அந்த வறண்ட இடத்தில் தண்ணீர் இருப்பது அவள் புருஷனின் காணியில் மட்டும்தான். நீராவி ரயில் தண்ணீரில்லாமல் ஓடாது. ரயில் பாதை அங்கே வந்து சேருவதற்குள் ஸ்டேஷனைக் கட்டாவிட்டால் காணி உரிமை போய்விடும். ஜில் ஆட்களைச் சுட்டுத் தள்ளுவதில்லை. ஆனாலும் துப்பாக்கிக்காரர்கள் எல்லோரும் அவள் காணியைச் சுற்றித்தான் வருகிறார்கள். பீலியில் குடத்தோடு வரிசை நிற்கிற பெண்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

ஆரம்பத்தில் மூன்று பேர் ஸ்டேஷனில் காத்திருப்பார்கள். பேச்சே இருக்காது. ஒருவன் தொப்பியில் தண்ணீர் சொட்டும், இன்னொருவன் முகத்தில் ஈ ஊரும். முதல் தடவை, அலுத்துப்போவார்கள் என்று பயந்து அதை வேகமாக ஓட்டித் தாண்டிவிட்டேன். தப்பு. அடுத்த தடவை முழுதாகப் போட்டபோது மண்டபம் மூச்சுக்காட்டவில்லை. கொழுந்து மடுவத்தில் தராசுக்குக் காத்து நிற்கிறவர்களுக்குக் காத்திருப்பது தெரியாதா? அதில் கை வைக்காதீர்கள்.

படம் இரண்டே முக்கால் மணித்தியாலம். ஞாயிறு பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினால் இரவுச் சமையலுக்கு விட்டுவிடலாம். ஜனவரி முதல் மார்ச் வரை போடுவது நல்லது. ஜூன், ஜூலை மழை தகரத்தில் இறங்கினால் ஒரு வார்த்தை கேட்காது. திரைக்கு இரட்டை வேட்டியை இழுத்துக் கட்டி, கீழ் ஓரத்தில் கல் கோத்துத் தொங்கவிடுங்கள், காற்றில் ஆடாது.

தமிழில் நீங்களே சுவரோரம் நின்று சொல்ல வேண்டும். மூலக் குரலைக் கெடுக்கிறோமே என்று கூச்சப்படாதீர்கள். அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் பேச்சைப் பிறகுதான் சேர்த்தார்கள். ஆங்கிலப் பிரதியில் கார்டினாலேக்குப் பேசியதே வேறொரு பெண். ஆனால் எனியோ மொரிக்கோனியின் இசையோடு பாடகி எட்டா டெல்லோர்சோவின் குரல் எழும்பும் இடங்களில் வாயை மூடிக்கொள்ளுங்கள். ஜில் ஸ்டேஷனைத் தாண்டி ஊருக்குள் நடக்க, கமரா கூரைக்கு மேலே ஏறும் இடம் அப்படிப்பட்டது. எங்கள் சித்தி அங்கேதான் கேட்டார்: "காணி உறுதி அந்தப் புள்ள பேருல இருக்கா?" படத்தை நிறுத்திப் பதில் சொன்னேன். அரை மணித்தியாலம் காணிப் பேச்சுத்தான் போனது. அதற்கு இடம் கொடுங்கள்.

அடுத்த மாதம் சிரிப்புக்கு 'லே பெத்ரோலூஸ்' (1971). பிரிஜித் பார்தோ தங்கைமாரோடு ரயிலைக் கொள்ளையடிக்கிறார், எண்ணெய் ஊறும் காணிக்காகக் கார்டினாலேயோடு கைகலக்கிறார். விளக்கம் வேண்டாம், போட்டால் போதும்.

'ஹான்னி கால்டர்' (1971) பிரிட்டிஷ் தயாரிப்பு, ஸ்பெயினின் அல்மேரியாவில் எடுத்தது. ராக்கெல் வெல்ச் சுடக் கற்று, தனக்கென்றே செய்த துப்பாக்கியோடு மூன்று பேரைத் தேடிப் போகிறார். அவர்கள் அவள் புருஷனைக் கொன்று, அவளைக் கெடுத்தவர்கள். தொடக்கத்திலேயே வரும் அந்தக் காட்சியை முன்கூட்டியே சொல்லி, வெட்டிவிட்டுப் போடுங்கள். அந்த மூவரையும் கோமாளிகளாகக் காட்டியது எனக்குப் பிடிக்கவேயில்லை. அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளை வீட்டில் விட்டு வரச் சொல்லுங்கள், கதவுப் பக்கத்து விளக்கை எரியவிடுங்கள். எழுந்து போகிறவரை ஏன் என்று கேட்காதீர்கள். ஒருவர் வெளியே போய் இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், அவரோடு உட்காரட்டும்.