கடலடி எரிவாயு: செய்தி வந்ததும் போடக் கூடாத கணக்குகள்

ஆழ்கடலில் எரிவாயு கிடைத்திருக்கிறது என்று அறிவிப்பு வந்துவிட்டால் போதும், மறுநாளே ஒரு கணக்கு சுற்ற ஆரம்பித்துவிடும். இத்தனை கன அடி, இன்றைய சந்தை விலை இவ்வளவு, பெருக்கி மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு இவ்வளவு. இந்தக் கணக்கை நம்பி அரசுகள் கடன் வாங்கியிருக்கின்றன, கட்சிகள் வாக்குறுதி கொடுத்திருக்கின்றன, பக்கத்து நாடுகள் போர்க்கப்பல் அனுப்பியிருக்கின்றன. பல நாடுகளில் பெரிய சேதம் நடந்தது வாயு வெளியே வந்த பிறகு இல்லை. வரப்போகிறது என்று காத்திருந்த வருடங்களில்தான். அதனால் தவறுகளையும் அங்கிருந்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

அறிவிப்பில் வரும் எண்

பாறைக்குள் இருப்பதாக மதிப்பிடும் வாயுவின் அளவு ஒன்று. அதில் வெளியே எடுக்க முடிவது அதைவிடக் குறைவு. எடுத்து, கரைக்குக் கொண்டுவந்து, விற்று, லாபமும் பார்க்கக்கூடிய அளவு இன்னும் குறைவு. அறிவிப்பில் வருவது பெரும்பாலும் முதல் எண்தான். நாம் அதை மூன்றாவது எண்ணாக எடுத்துக்கொள்கிறோம்.

2005 ஜூனில் கிருஷ்ணா–கோதாவரி படுகையில் 20 லட்சம் கோடி கன அடி எரிவாயு இருப்பதாக குஜராத் மாநில அரசின் ஜிஎஸ்பிசி நிறுவனத்தின் சார்பில் அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் அன்றைய முதல்வர் நரேந்திர மோடி. அப்புறம் போட்ட களத் திட்டத்தில் அது சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அதிக அழுத்தம், அதிக வெப்பம், வாயு எளிதில் கசியாத இறுகிய பாறை என்று எல்லாச் சிக்கலும் அங்கே சேர்ந்திருந்தன. கடன் சுமையில் நின்ற நிறுவனம் 2017-ல் தன் 80 சதவீதப் பங்கை மத்திய அரசின் ஓஎன்ஜிசி நிறுவனத்துக்கு விற்றது.

மன்னார் படுகையில் 2011-ல் கெய்ர்ன் நிறுவனம் இரண்டு கிணறுகளில் வாயுவைக் கண்டது. இலங்கைக்கு அது முதல் கண்டுபிடிப்பு. உலகச் சந்தையில் விலை விழுந்த பிறகு 2015-ல் நிறுவனம் கிளம்பிவிட்டது. வணிக உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை.

வாயுவை எண்ணெய் போல விற்க முடியாது

எண்ணெயைக் கப்பலில் ஏற்றி யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். வாயுவுக்குக் குழாய் வேண்டும். இல்லையென்றால் கழித்தல் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்துத் திரவமாக்க வேண்டும். அப்போது கன அளவு 600-ல் ஒரு பங்காகும். அந்த ஆலைக்கே பல நூறு கோடி டாலர் ஆகும். பதினைந்து, இருபது வருடத்துக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று யாராவது கையெழுத்துப் போடாமல் வங்கிகள் அவ்வளவு பணத்தை எளிதில் தருவதில்லை. ஆக, கண்டுபிடிப்புச் செய்தியில் கிணற்றின் ஆழத்தைவிட வாங்குபவர் யார் என்பதையே முதலில் தேட வேண்டும்.

சைப்ரஸின் அஃப்ரோடைட் எரிவாயு வயல் 2011-ல் கண்டுபிடிக்கப்பட்டது. உள்நாட்டுச் சந்தை சிறியது, வயலின் ஒரு ஓரம் இஸ்ரேல் எல்லைக்குள் போகிறது, குழாய் எங்கே போட வேண்டும் என்பதிலேயே வருடங்கள் போய்விட்டன. 2013-ல் வங்கிகள் சரிந்தபோது, இந்த எரிவாயுவில் பங்கு தருகிறோம் என்று ரஷ்யாவிடம் உதவி கேட்டுப் பார்த்தது சைப்ரஸ். ரஷ்யா கைவிரித்துவிட்டது. கடலுக்கு அடியில் இருப்பதை நெருக்கடி நேரத்தில் அடகு வைக்கக்கூட ஆள் கிடைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

விற்ற பணம் எல்லாம் அரசுக்கு வராது

இந்த இடத்தைத்தான் பொதுமக்கள் அதிகம் கவனிக்காமல் விடுகிறார்கள். பணம் யாருக்கு, எப்போது போகும் என்பதைத் தீர்மானிப்பது ஒப்பந்தம். உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தில் நிறுவனம் முதலில் தன் செலவை எடுத்துக்கொள்ளும். மீதியைத்தான் அரசும் நிறுவனமும் பிரித்துக்கொள்ளும்.

கிருஷ்ணா–கோதாவரி படுகையில் ரிலையன்ஸ் நிறுவனம் நடத்திய டி6 வயலை எடுத்துக்கொள்வோம். நிறுவனம் போட்ட முதலீட்டைப் போல ஒன்றரை மடங்கு திரும்பக் கிடைக்கும் வரை லாபத்தில் அரசுக்கு 10 சதவீதம்தான். இரண்டரை மடங்கைத் தாண்டிய பிறகு 85 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செலவுக் கணக்கு கூடக் கூட அந்த இரண்டரை மடங்கு தள்ளிப்போகும். சிக்கனமாக இருக்க நிறுவனத்துக்கு என்ன காரணம் இருக்கிறது? 2004-ல் 240 கோடி டாலர் என்று சொல்லப்பட்ட மேம்பாட்டுச் செலவு 2006-ல் 880 கோடி டாலராகியது. உற்பத்தித் திறனை இரட்டிப்பாக்குவதாக அதற்குக் காரணம் காட்டப்பட்டது. நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் வரும் என்ற திட்டம், 2010-ல் 6 கோடியைத் தொட்டு, 2013-க்குள் 2 கோடிக்கும் கீழே போனது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2011 அறிக்கையில் இந்தச் செலவுகளை அரசு சரியாகக் கண்காணிக்கவில்லை என்று எழுதினார். செலவை யார் ஏற்பது என்ற தகராறு நடுவர் மன்றம் வரை போனது.

அதனால் ஒரு நாடு வயலை ஏலம் விட்டதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஒப்பந்தம் பொதுவெளியில் இருக்கிறதா? இல்லையென்றால் தலைக்கு எவ்வளவு என்று போடும் கணக்கு எல்லாமே கற்பனை.

வராத பணத்தைச் செலவழிப்பது

எல்லாவற்றிலும் கொடிய தவறு இதுதான். மொசாம்பிக்கில் நடந்ததைப் பார்த்தால் புரியும்.

2010 முதல் ரொவுமா படுகையில் பிரம்மாண்டமான வயல்கள் அடுத்தடுத்து கிடைத்தன. நாட்டின் மீது கடன் கொடுப்பவர்களின் பார்வையே மாறியது. 2013, 2014-ல் அரசின் ஆதரவில் இயங்கிய மூன்று நிறுவனங்கள் சுமார் 200 கோடி டாலர் கடன் வாங்கின. சூரை மீன்பிடிப் படகுகள், கடலோரக் காவல், கப்பல் பராமரிப்பு என்று காரணம் சொல்லப்பட்டது. அரசு உத்தரவாதம் கொடுத்தது, நாடாளுமன்றத்துக்குச் சொல்லவில்லை. பெரும்பகுதி 2016 வரை மறைந்தே கிடந்தது. வெளியே வந்ததும் சர்வதேச நிதியமும் நன்கொடை நாடுகளும் உதவியை நிறுத்தின. நாணயம் சரிந்தது. சுமார் 7 சதவீதமாக இருந்த வளர்ச்சி 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2017 ஜனவரியில் கடன் பத்திரத் தவணையைக் கட்ட முடியாமல் நாடு தவறியது. உத்தரவாதத்தில் கையெழுத்திட்ட அன்றைய நிதியமைச்சர் மனுவேல் சாங் 2024-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானது.

அந்தக் கடலிலிருந்து முதல் எரிவாயுக் கப்பல் கிளம்பியது 2022 நவம்பரில். கடன் நெருக்கடிக்கு ஆறு வருடம் கழித்து. அந்த ஆறு வருடமும் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் சுருங்கிய பட்ஜெட்டில்தான் நடந்தன. வாயுவைக் கண்ணால்கூடப் பார்க்காத மக்கள் அதற்கான விலையை முதலில் கட்டினார்கள் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

வயல்களுக்கு எதிரே உள்ள காபோ டெல்காடோ மாகாணத்தில் 2017 அக்டோபரில் ஆயுதக் கிளர்ச்சி தொடங்கியது. அதற்கு எரிவாயு மட்டுமே காரணம் என்று சொல்வது சரியில்லை. மத அடிப்படைவாதம், பல காலப் புறக்கணிப்பு, வேலையில்லா இளைஞர்கள், ரத்தினக் கல், மரம் சார்ந்த தகராறுகள் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தன. ஆனால் அஃபுங்கி தீபகற்பத்தில் வாயுவைத் திரவமாக்கும் ஆலைக்காகக் கடலோர மீனவர்களை உள்ளே தள்ளிக் குடியமர்த்தியது கசப்பைக் கூட்டியது. புது வீடு கிடைத்தவர்களுக்குக் கடல் எட்டாத தூரமாகிவிட்டது. 2021 மார்ச்சில் பால்மா நகரம் தாக்கப்பட்டது. அடுத்த மாதமே, ஆலையைக் கட்டிவந்த பிரெஞ்சு நிறுவனமான டோட்டல்எனர்ஜிஸ் வேலையை நிறுத்தியது. நான்கு வருடத்துக்கு மேல் அது நின்றே கிடந்தது.

வேலைவாய்ப்பு பற்றிய பேச்சையும் இங்கேயே சொல்லிவிடலாம். கட்டுமானக் காலத்தில் ஆட்கள் தேவைப்படும். ஓட ஆரம்பித்த பிறகு கடல் மேடையையும் ஆலையையும் நடத்தச் சில நூறு, அதிகம் போனால் சில ஆயிரம் திறன் பெற்றவர்கள் போதும்.

நார்வேயைக் காட்டினால் போதுமா?

எண்ணெய், எரிவாயுப் பணத்தைச் சேமித்து வைக்கும் நிதியத்துக்கு நார்வே 1990-ல் சட்டம் போட்டு, 1996-ல் அதில் முதல் தொகையைச் செலுத்தியது. பணத்தை வெளிநாட்டில் முதலீடு செய்து, வருடத்துக்கு நிதியத்தின் சுமார் 3 சதவீதத்துக்குள்தான் பட்ஜெட்டுக்கு எடுக்கிறது. இதனால் அந்நியச் செலாவணி மொத்தமாக உள்ளே பாய்ந்து, நாணயம் வலுத்து, மற்ற ஏற்றுமதித் தொழில்கள் நசுங்கும் ஆபத்து குறைகிறது. க்ரோனிங்கன் வயலுக்குப் பிறகு நெதர்லாந்து பட்ட பாடு அதுதான். டச்சு நோய் என்ற பெயரும் அப்படி வந்தது. ஆனால் வலுவான நாடாளுமன்றமும் நேர்மையான வரித் துறையும் எண்ணெய் வருவதற்கு முன்பே நார்வேயில் இருந்தன. ஒரு கையில் அதிக வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டு இன்னொரு கையில் குறைந்த வருமானம் தரும் நிதியம் நடத்துவது எந்த நாட்டுக்கும் ஆகாது. முதலில் கடனைக் கட்டுவது நல்லது.

எரிவாயு சமாதானம் கொண்டுவரும் என்ற நம்பிக்கை

கிழக்கு மத்தியதரைக் கடலில் இந்த நம்பிக்கை பலமாக இருந்தது. இஸ்ரேலின் டமார் வயல் 2009-லும், லெவியாதன் வயல் 2010-லும், எகிப்தின் ஜோர் வயல் 2015-லும் கண்டுபிடிக்கப்பட்டன. இஸ்ரேல், சைப்ரஸ், கிரீஸ் மூன்றும் ஐரோப்பாவுக்குக் குழாய் போட 2020 ஜனவரியில் ஒப்பந்தம் செய்தன. சுமார் 1,900 கிலோமீட்டர். குழாய் இன்னும் வரவில்லை. இடையில் 2018-ல் சைப்ரஸ் கடலில் இத்தாலியின் எனி நிறுவனத் துளையிடும் கப்பலைத் துருக்கிப் போர்க்கப்பல்கள் மறித்தன. லெபனானும் இஸ்ரேலும் 2022 அக்டோபரில் கடல் எல்லையை ஒப்புக்கொண்டன. பொருளாதாரம் சரிந்து கிடந்த லெபனானில் பலர் அதைப் பெரிதாக நம்பினார்கள். 2023-ல் தோண்டிய கிணற்றில் வணிக அளவில் வாயு இல்லை. அதே மாதங்களில் எல்லையில் சண்டையும் வெடித்தது. காஸா கரைக்கு அப்பால் 2000-லேயே கண்டுபிடித்த வயலோ இன்றும் தொடப்படாமல் இருக்கிறது.

ஏற்கெனவே பேசிக்கொள்ளத் தயாராக இருக்கும் நாடுகளுக்கு எரிவாயு வியாபாரம் ஒரு காரணம் கொடுக்கும். பகை முற்றியிருந்தால் சண்டைபோட இன்னொரு காரணம் கொடுக்கும்.

கிடைத்தது நிலைக்கும் என்று நினைப்பது

ஜோர் வயலில் 30 லட்சம் கோடி கன அடி என்று மதிப்பிட்டார்கள். இரண்டே வருடத்தில், 2017 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. உலகில் அபூர்வமான வேகம். 2018-ல் எகிப்து திரவ எரிவாயு இறக்குமதியை நிறுத்தி, ஏற்றுமதி மையமாக மாறப்போவதாகப் பேசியது. பிறகு உற்பத்தி இறங்கியது, உள்நாட்டுத் தேவை ஏறியது. 2023, 2024 கோடைகளில் மின்வெட்டு. 2024-ல் இறக்குமதி மீண்டும் தொடங்கியது. இஸ்ரேலிலிருந்து குழாய் வழியாக வரும் வாயு இல்லாமல் முடியாது என்ற நிலையும் வந்தது. 2025 ஜூனில் ஈரானுடன் போர் மூண்டதும் இஸ்ரேல் லெவியாதன் வயலை மூடியது. உடனே எகிப்தில் உரத் தொழிற்சாலைகள் நின்றுபோயின.