காஸ்டிங் ஷீட்டை வெப் பக்கமாக்குவது: விடை மட்டும் வெளியே போகட்டும்

திருப்பூரில் எங்கள் சித்தப்பாவின் பனியன் கம்பெனிக்குக் காஸ்டிங், அதாவது ஒரு உடைக்கு என்ன செலவு, என்ன விலை என்ற கணக்குப் போடுவது நான். போன தை மாசம் ஒரு ஏஜெண்டுக்கு எக்செல் ஷீட்டையே மெயிலில் அனுப்பித் தொலைத்தேன். ஃபார்முலா இருந்த நெடுவரிசைகளை ஹைட் செய்து, ஷீட்டுக்குப் பாஸ்வேர்டும் போட்டிருந்தேன். சாயங்காலமே போன். "ஏனுங், டையிங்ல 9 சதம் லாஸ் போட்டிருக்கீங்க, மார்ஜின் 12 வெச்சிருக்கீங்க, கொஞ்சம் பாத்துக் குறைங்க."

எக்செல் ஃபைல் என்பது ஒரு ஜிப் மூட்டைதான். பிரித்து, உள்ளே 'ஷீட் புரொடெக்‌ஷன்' என்ற துண்டை மட்டும் அழித்தால் பூட்டு கழன்றுவிடும். கூகுள் ஷீட்டில் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தாலும், பிரதி எடுத்தால் ஃபார்முலாவும் கூடவே போகும். ஆகவே ஷீட் நம்மிடமே இருக்கட்டும். ஏஜெண்ட் ஒரு வெப் பக்கத்தில் அளவைத் தட்டினால் விடை மட்டும் போகட்டும்.

முதலில் எதை மறைக்க வேண்டும் என்று பாருங்கள். துணி எடைக் கணக்கு ஊருக்கே தெரியும். ஒரு டீஷர்ட்டுக்கு உடம்பு நீளம் 72, கை நீளம் 22, அலவன்ஸ் (தையலுக்கும் மடிப்புக்கும் விடும் கூடுதல் துணி) 10 சென்டிமீட்டர்: மொத்தம் 104. மார்பு 54, அலவன்ஸ் 4: 58. இரண்டையும் பெருக்கி, முன்னுக்கும் பின்னுக்குமாக 2, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது) 180, எல்லாம் பெருக்கி ஒரு கோடியால் வகுத்தால் 0.217 கிலோ. இதை ஒளித்து என்ன பண்ண? நூல் ரேட், லாஸ் (சாயம் போடும்போது குறையும் எடை), பவர்டேபிள் கூலி (தையல் கூலி), மார்ஜின், இவைதான் நம் சொத்து. அவற்றை 'ரேட்' என்ற தனி ஷீட்டில் வையுங்கள். மாசம் பிறந்து நூல் விலை மாறினால் அந்த ஒரு செல்லை மாற்றினால் போதும்.

ஷீட்டை கூகுள் ஷீட்டாக ஏற்றி, எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆப்ஸ் ஸ்கிரிப்டைத் திறங்கள்; ஷீட்டோடு சேர்ந்து ஓடும் சின்ன புரோகிராம் எழுத கூகுள் தரும் இடம் அது. இரண்டு ஃபைல் வேண்டும். ஒன்று ஸ்கிரிப்ட்: அதில் 'டூகெட்' என்ற ஃபங்ஷன் பக்கத்தைக் காட்டும், இன்னொரு ஃபங்ஷன் அளவுகளை வாங்கி, ரேட் ஷீட்டைப் படித்து, கணக்குப் போட்டு, விலை என்ற ஒரே எண்ணைத் திருப்பித் தரும். மற்றது எச்டிஎம்எல் பக்கம்: நாலு கட்டம், ஒரு பட்டன். பட்டனை அழுத்தினால் 'கூகுள் டாட் ஸ்கிரிப்ட் டாட் ரன்' வழியாக அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, வேகமாக இருக்கும் என்று கணக்கைப் பக்கத்திலேயே ஜாவாஸ்கிரிப்டில் எழுதிக் கொடுத்தான். பிரவுசரில் எஃப்12 தட்டிப் பக்கத்தின் உள்ளே பார்த்தால் மார்ஜின் பல்லைக் காட்டியது. பெருக்கல் வகுத்தல் எதுவுமே பக்கத்தில் இருக்கக் கூடாது.

நான் பண்ணிய தப்பு வேறு. அளவுகளை ஷீட்டின் செல்லிலேயே எழுதி, பக்கத்து செல்லில் வரும் விடையைப் படித்தேன். ஒரே நேரத்தில் இரண்டு பேர் தட்டியதும் ஒருத்தர் டீஷர்ட்டுக்கு இன்னொருத்தர் ஹூடி விலை போய்விட்டது. ரேட்டை மட்டும் படித்துக் கணக்கை ஸ்கிரிப்டில் போட்டால் இந்த வம்பு கிடையாது.

டெப்ளாய் பண்ணும்போது, அதாவது பக்கத்தை இணையத்தில் வெளியிடும்போது, வெப் ஆப் என்று தேர்ந்தெடுத்து, 'எக்ஸிகியூட் ஆஸ்' என்பதில் 'மீ' வையுங்கள். அப்போதுதான் ஷீட்டை யாருக்கும் பகிராமலே வேலை நடக்கும். கொடுக்க வேண்டியது 'எக்ஸெக்' என்று முடியும் லிங்க்; 'டெவ்' என்று முடிவது எடிட் உரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே திறக்கும். பின்னால் ஸ்கிரிப்டை மாற்றினால் மேனேஜ் டெப்ளாய்மெண்ட்ஸில் புது வெர்ஷன் போடாதவரை பழைய கணக்குதான் ஓடும். இது தெரியாமல் நான் ஒரு மத்தியானம் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

இவ்வளவு செய்தும் ஒரு ஓட்டை உண்டு. அதே அளவில் ஜிஎஸ்எம்மை 180-லிருந்து 190 ஆக்கினால் எடை 12 கிராம் ஏறும். விலை 6 ரூபாய் ஏறினால் துணியைக் கிலோ சுமார் 500-க்குப் போட்டிருக்கிறோம் என்று ஆள் கண்டுபிடித்துவிடுவார். அதனால் ஜிஎஸ்எம்மைக் கட்டத்தில் அடிக்க விடாமல் 160, 180, 200, 220 என்று பட்டியலாகக் கொடுத்தேன். விடையை 5 ரூபாய்க்கு ரவுண்ட் செய்தேன். இதற்குப் பிறகும் கிலோ ரேட்டைத் தோராயமாக ஊகிக்கலாம்தான். ஆனால் அதில் நூல் எவ்வளவு, லாஸ் எவ்வளவு, மார்ஜின் எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

ஒவ்வொரு கேள்வியையும் நேரத்தோடு 'பதிவு' என்ற ஷீட்டில் எழுதி வைக்கவும் ஒரு வரி சேர்த்தேன். போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரே டீஷர்ட்டை யாரோ 14 தடவை தட்டியிருந்தார்கள். சித்தப்பாவிடம் காட்டினேன். "தட்டட்டும் உடு கண்ணு, கரண்டு அவனுது" என்றார்.